எட்டாம் நம்பர் மருந்து

முதலியார்பேட்டையில் ஆலைச் சுவரை ஒட்டி உள்ளே போகிற அந்தத் தெருவில், யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள மூக்கு வேண்டியதில்லை. ஹாஜிரா இருந்தால் போதும். காலையில் பால் வாங்க வாசலுக்கு வந்தாளானால் பத்து வீட்டுச் சேதியைப் போட்டுவிட்டு, இருபது வீட்டுச் சேதியை வாங்கிக்கொண்டுதான் உள்ளே திரும்புவாள். அதற்குள் பால் திரிந்துவிடும் என்பார் அவள் புருஷன் பக்ருதீன் பாய்.

அவர் அப்படிச் சொல்லக் கூடாது. சேதியில் பாதி அவர் கொண்டுவந்து கொடுத்ததுதான். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பெட்டி, பை ரிப்பேர் செய்கிற கடை அவருக்கு. இந்த ஊரில் பெட்டி தைக்கிறவருக்குத் தெரியாமல் யாரும் எங்கேயும் போய்விட முடியாது. எந்த வீட்டுப் பெட்டிக்குச் சக்கரம் மாற்றுகிறார்களோ அந்த வீட்டில் யாரோ பிரான்சுக்குக் கிளம்புகிறார்கள். கைப்பிடி அறுந்து வந்தால், வக்கான்ஸ் லீவுக்கு அங்கிருந்து யாரோ சுமையோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். பாய் மத்தியானச் சோற்றின்போது இதை மூன்று வார்த்தையில் சொல்வார். சாயங்காலத்து அசர் தொழுகைக்குள் அது முப்பது வார்த்தை ஆகித் தெருக்கோடி வசந்தா வீடு வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஹாஜிரா தன் ஆயுசில் ஒரே ஒரு சேதியை மட்டும் ஆறு மாசம் வெளியே விடாமல் வைத்திருந்தாள். அது எதிர்வீட்டு நிர்மலாதேவியின் சேதி.

நிர்மலாதேவியின் புருஷன் ஜானகிராமன் ஆலையில் தறி ஓட்டினவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அது நடந்து பத்து வருஷம். அதற்குப் பிறகு வடகம் போட்டுத்தான் அவள் குடும்பத்தை ஓட்டினாள். சித்திரை பிறந்தால் சின்ன வெங்காய மூட்டை வந்து இறங்கும். தெருப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உரிப்பார்கள். கண்ணில் தண்ணீர், வாயில் ஊர்க்கதை. வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை கலந்து மொட்டை மாடியில் காயப் போடுவாள். பகலெல்லாம் வெயில், ராத்திரி பானையில் மூடி மூட்டம், மறுபடி வெயில். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு எலுமிச்சம்பழ அளவு உருட்டி வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது. அந்த வாசனை தெருவையே ஒரு மாசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும். பிரான்சில் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு வடகம் இல்லாமல் மீன்குழம்பு இறங்காது. ஆகையால் பாய் கடையில் சக்கரம் மாற்றின பெட்டி எதுவானாலும் அதற்குள் நிர்மலாதேவியின் வடகம் நாலு பொட்டலமாவது இருக்கும்.

அவள் மகள் சுமலதாவும் அங்கேதான். அரியாங்குப்பத்து சொல்தா வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் புருஷனுக்கு அந்த நாட்டுக் காகிதம் உண்டு. பாரிசுக்கு வெளியே ஏதோ ஊரில் வீட்டு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இங்கே அதை யாரும் வீட்டு வேலை என்று சொல்லமாட்டார்கள். பிரான்சில் வேலை என்பார்கள்.

மகன் கமலக்கண்ணன். இருபத்தொன்பது வயசு. பார்க்க லட்சணமாக இருப்பான், உட்கார்ந்திருக்கிற வரைக்கும். எழுந்து நடந்தால் இடது கால் நீளாது. முழங்கால் மடங்கினபடியே நின்றுவிட்டது. அவன் ரத்தம் உறையாத ரத்தம். தவழுகிற வயசில் முட்டி போட்டால் முட்டி நீலமாக வீங்கும். பல் முளைத்தபோது மூன்று நாள் வாயில் ரத்தம் வழிந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருத்தர் நிர்மலாதேவிக்குப் புரிகிற மாதிரிச் சொல்லியிருந்தார்: ரத்தம் நிற்க வேண்டுமானால் பதிமூன்று பேர் வரிசையாகக் கைகோத்து நிற்க வேண்டும், உங்கள் பிள்ளை உடம்பில் எட்டாவது ஆள் வேலைக்கு வருவதில்லை, மற்றவர்கள் நின்று என்ன பிரயோசனம் என்று. அந்த எட்டாவது ஆளைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள், தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் கட்டும் என்றும் சொன்னார். விலையைக் கேட்டபோது நிர்மலாதேவி பெஞ்சியைப் பிடித்துக்கொண்டாள். அதனால் கமலக்கண்ணனுக்கு எப்போதும் ரத்த வங்கியிலிருந்து வருகிற மஞ்சள் தண்ணீர்ப் பைதான். அது ஏறி முடிய அரை நாள் ஆகும். அதற்குள் மூட்டு பந்து மாதிரி ஆகிவிடும்.

சுமலதா வேலை செய்கிற வீட்டு மதாமுடைய பிள்ளைக்கும் இதே சீக்கு. அங்கே அரசாங்கமே மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறதாம். அவன் உபயோகித்தது போக, தேதி நெருங்கினதை மதாம் சுமலதாவிடம் கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டாயிரத்து நாலு ஆகஸ்டில் முதல் இரண்டு பெட்டி வந்தது. அடுத்த வருஷம் இரண்டு, அதற்கடுத்த வருஷம் இரண்டு. ஐஸ் போட்ட பிளாஸ்கில், பிரெஞ்சு டாக்டர் சீட்டோடு, விமானம் ஏறி வந்த மருந்து.

அதற்காகவே நிர்மலாதேவி ஒரு பழைய ஃப்ரிஜ் வாங்கினாள். கதவில் சாவி போட்டுப் பூட்டுகிற பழைய மாடல். தெருவில் அந்த வரிசைக்கே முதல் ஃப்ரிஜ் என்பதால் எல்லோருக்கும் ஒரு நப்பாசை. மே மாசத்தில் ஒரு பாட்டில் ஜில் தண்ணி கிடைக்கும் என்று பார்த்தார்கள். கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று அவள் தயிர்கூட உள்ளே வைக்கவில்லை. மேல்தட்டில் ஆறு அட்டைப்பெட்டி, ஐஸ் அறையில் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்க ஐஸ்கட்டி, மற்றபடி காலி. சாவி அவள் இடுப்பில். வீட்டில் பீரோ திறந்து கிடக்கும், ஃப்ரிஜ் பூட்டியிருக்கும். திருடன் வந்தால் குழம்பிப்போவான் என்று ஹாஜிரா சொல்லித் தெருவே சிரித்தது.

சிரித்தவர்கள் வீட்டிலும் கதை வேறு இல்லை. பிரான்சிலிருந்து வந்த எதையும் இந்த ஊரில் யாரும் லேசில் தொடமாட்டார்கள். சென்ட் பாட்டில் ஷோகேசில் நின்று நின்று பாதியாக வற்றிப்போகும். சாக்லேட் வெள்ளை பூத்துப்போகும். சோப்பை உறை பிரிக்காமல் புடவை மடிப்பில் வைப்பார்கள். நல்ல நாளைக்கு வேண்டும் என்பார்கள். அந்த நல்ல நாள் வந்தால், இதைவிட நல்ல நாள் வராதா என்று மறுபடி உள்ளே வைப்பார்கள்.

நிர்மலாதேவி கெட்ட நாளைக்கு என்று வைத்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தம்பி இராமதாஸ் பதினைந்து வயசில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவன், அவள் மடியில் தலை வைத்து, ஒரு சொம்பு ஒரு சொம்பாக ரத்தம் துப்பி, நாலாம் நாள் போனான். அப்போது யாருக்கும் சீக்கின் பெயர்கூடத் தெரியாது. அதைப் பார்த்தவளுக்கு முட்டி வீக்கமெல்லாம் ஒரு கணக்கா? சின்ன ரத்தத்துக்கு ஐஸ், பெரிய ரத்தத்துக்கு மருந்து என்று அவளாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். மூட்டில் கிணுகிணு என்று தொடங்கின உடனே போட வேண்டும், அப்போதுதான் கால் பிழைக்கும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அங்கே தலையாட்டிவிட்டு வந்து இங்கே பூட்டினாள்.

கமலக்கண்ணன் முதலில் கேட்டுப் பார்த்தான். ஒருமுறை முட்டி வீங்கி இரண்டு நாள் குப்புறக் கிடந்தபோது, “ஒண்ணே ஒண்ணு போட்டுக்கறேம்மா, உயிர் போவுது” என்றான். ஹாஜிரா அப்போது அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிர்மலாதேவி ஐஸ் துணியைப் பிழிந்து போட்டபடியே, “மூட்டுல உயிர் போவாதுடா. போற எடத்துக்குத்தான் அத வெச்சிருக்கேன்” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். வலித்தால் பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் படிப்பான்.

இரண்டாயிரத்து ஏழு மே மாசம், கத்திரி வெயிலில், தெருவில் கரண்டில் ஒரு பேஸ் போய்விட்டது. நிர்மலாதேவி வீடு இருக்கிற வரிசையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை; ஹாஜிரா பக்கத்தில் இருந்தது. பாய் அந்த வருஷந்தான் தவணையில் ஒரு ஃப்ரிஜ் வாங்கியிருந்தார். நிர்மலாதேவி மாடியில் வடகத்தைக் காக்காய்க்குக் காவல் காத்துக்கொண்டிருந்ததால், இடுப்புச் சாவியை அவிழ்த்து மகன் கையில் கொடுத்து, மருந்தை எதிர்வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். சாவி அவன் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவன் துணிப்பையில் ஆறு பெட்டியையும் கொண்டுவந்து ஹாஜிரா வீட்டு முறத்தில் பரப்பினான். ஹாஜிரா கறிப்பாத்திரத்தை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கிற ஜாதி இல்லையே, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவன் படித்துக் காட்ட ஒன்றை எடுத்தான். ஓரத்தில் அழுத்தி அச்சிட்டிருந்ததை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். அடுத்ததை எடுத்தான். ஆறையும் பார்த்து முடித்துவிட்டுச் சிரித்தான். ஹாஜிராவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“எல்லாம் தேதி போயிடுச்சு ஹாஜிராம்மா. மொத ரெண்டு வந்து அஞ்சாம் மாசமே போயிடுச்சு. கடைசியா வந்ததுகூடப் போன மாசத்தோட முடிஞ்சிது.”

ஹாஜிரா பதறிப்போனாள். இதோ போய் நிர்மலாவிடம் சொல்கிறேன் என்று முந்தானையை இழுத்துச் சொருகினாள். அவன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான். வளர்ந்த பிள்ளை, அப்படிப் பிடித்ததே இல்லை.

“வேணாம். இது உள்ள இருக்குதுன்றதாலதான் அம்மா ராத்திரில தூங்குது. நீங்க சொல்லிட்டீங்கன்னா அப்புறம் அது தூங்காது. எனக்கு மூட்டு வலியே போதும், அது முழிச்சிக்கினு என்னியே பாத்துக்கினு ஒக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது.”

“அப்புறம் இன்னாடா பண்றது கமலு?”

“ஆகஸ்ட்ல அக்கா வரும். புதுசு கொண்டாரும். நான் மெதுவா மாத்தி வெச்சிடறேன். மூணு மாசந்தானே. நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க. உங்களால முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் கேக்கறேன்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் ஹாஜிராவைக் கட்டிப்போட்டது. தன்னால் முடியும் என்று காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு ரோஷம் வந்துவிட்டது. கரண்ட் வந்தது, மருந்து திரும்பிப் போனது, சாவி இடுப்புக்கு ஏறியது. ஹாஜிரா வாயைத் திறக்கவில்லை. வசந்தாவிடம் பேசும்போது தொண்டை வரைக்கும் வந்து திரும்பும். பாயிடம்கூடச் சொல்லவில்லை. பாய்க்குச் சந்தேகம், உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டார்.

ஆகஸ்டில் சுமலதா வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் தங்கியிருந்தது. நாலாம் மாசம் கொஞ்சம் தீட்டுப் பட்டதால் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றுவிட்டார்கள். வேலைக்குப் போகவில்லை என்றால் மதாமிடம் மருந்து எப்படி வாங்குவது? வந்தவர்கள் கையில் சென்டும் சாக்லேட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். நிர்மலாதேவி பேரன் வரப்போகிறான் என்ற மகிழ்ச்சியில் தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். அங்கே பிள்ளை ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம், ஆண்தான் என்றாள். கமலக்கண்ணன் கேசரித் தட்டோடு வந்து ஹாஜிராவைப் பார்த்தான். தை மாசத்துக்குள் யாராவது வருவார்கள் என்றான். ஹாஜிராவும் அப்படித்தான் நினைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாளாக வெயில் முகமே இல்லை. கமலக்கண்ணன் மெயின் ரோட்டில் அருள்முருகனுடைய செல்போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்து வேலை பார்த்தான். சாரல் உள்ளே அடிக்கிறதென்று ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு, டீக்காரன் கூப்பிட்டான் என்று குனிந்து வெளியே வந்தவன், கால் நீளாததால் நிதானம் தப்பி நிமிர்ந்துவிட்டான். ஷட்டரின் அடி விளிம்பு காதுக்கு மேலே இடித்தது. ரத்தம் இல்லை. நெல்லிக்காய் அளவு ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

அருள்முருகன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கியதை ஹாஜிரா ஜன்னல் வழியே பார்த்தாள். போன வாரம் வாங்கிய தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். நிர்மலாதேவி ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தலை சுற்றவில்லை, கண் நன்றாகத் தெரிகிறது என்றான். ஹாஜிராவுக்கு மனசு ஒப்பவில்லை.

“தலைடி நிர்மலா. மூட்டு மாதிரி இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை கூட்டிக்கினு போயிட்டு வந்துடேன்.”

“மழைய பாத்தீங்களாக்கா? அங்க போனா பெஞ்சில ஒக்கார வெச்சிட்டு நாளைக்குப் பாக்கலாம்னுவாங்க. வாந்தி கீந்தி வந்துதுன்னா பொட்டியத் தூக்கிக்கினு ஆட்டோல ஏறிட மாட்டேனா. மருந்து வூட்டுக்குள்ளயே இருக்குது. நான் எதுக்குப் பயப்படணும்?”

சொல்லிவிட்டு இடுப்புச் சாவியைத் தொட்டுக்கொண்டாள்.

தேதி போன சேதி ஹாஜிராவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் கமலக்கண்ணனைப் பார்த்தாள். அவன் தாய்க்குத் தெரியாமல் தலையை இப்படியும் அப்படியுமாக லேசாக அசைத்தான்.

“நாளைக்கிக் காலையில நானே போறேன் ஹாஜிராம்மா. மழ வுடட்டும்” என்றான்.

நிர்மலாதேவி அவளுக்கும் ஒரு டம்ளர் டீ கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீ. ஹாஜிரா குடித்தாள். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. கமலக்கண்ணன் இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான். பேச்சு குழறியது, அம்மாவைப் பார்த்து அக்கா என்றான். பாய் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். நிர்மலாதேவி அழவில்லை, பதறவில்லை. ஃப்ரிஜ்ஜைத் திறந்து ஆறு பெட்டியையும் பிளாஸ்கில் அடுக்கி, மேலே ஐஸ் கொட்டி மூடினாள். மூன்று வருஷமாக இந்த நாளை மனசுக்குள் ஒத்திகை பார்த்தவள் மாதிரி இருந்தது. ஆட்டோவில் மகன் தலையை ஒரு கையாலும் பிளாஸ்கை ஒரு கையாலும் அணைத்துக்கொண்டு, “ஒண்ணியும் ஆவாது, ஒண்ணியும் ஆவாது, இருக்குது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹாஜிராவுக்குத் தன் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா அவனை உள்ளே அனுப்பிவிட்டு பிளாஸ்கைத் திறந்தார். ஒரு பெட்டியைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். ஆறாவதையும் பார்த்துவிட்டு, யார் இதை எடுத்து வைத்தது என்று கேட்டார்.

“நான்தாம்மா. ஆறும் அப்படியே இருக்குது. ஒண்ணுகூடத் தொடல” என்றாள் நிர்மலாதேவி. அவள் குரலில் இருந்தது பெருமைதான். வேறு வார்த்தை போட முடியாது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. தேதி போன மருந்தை நம்பி நரம்பில் ஏற்ற முடியாது என்று மெதுவாகச் சொன்னார். தேதி போவது என்றால் என்ன என்று நிர்மலாதேவி கேட்டாள். அவளுக்கு எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்து ஏறுவாள். ஆனால் பெட்டி முழுக்க எண்ணாக இருந்தால் எந்த எண்ணை என்று பார்ப்பாள்? டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டினார். நிர்மலாதேவி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாஜிரா தரையைப் பார்த்தாள்.

மஞ்சள் தண்ணீர்ப் பை ஏறத் தொடங்கியது. சென்னைக்குப் போன் போனது. இந்தச் சீக்குக்காரர்களுக்கென்று அங்கே இருக்கிற ஒரு சங்கத்தில் மருந்து கையிருப்பு இருந்தது. அவர்கள் ஒரு ஆளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மழையில் கடற்கரைச் சாலையில் பஸ் மெதுவாகத்தான் வந்தது. ஒன்றரை மணிக்கு மருந்து வந்து சேர்ந்தது. கரைத்து ஏற்றிப் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இருபத்தொன்பது வருஷம் வேலைக்கு வராத ஆள் அன்றைக்கு வந்துவிட்டார். அதற்குள் தலைக்குள்ளே எல்லாம் நிறைந்துபோயிருந்தது. நாலு மணிக்குக் கமலக்கண்ணன் போனான்.

காகிதத்தில் கையெழுத்து வாங்குகிற இடைவெளியில் ஹாஜிரா டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். நேற்றுச் சாயங்காலமே வந்திருந்தால்? டாக்டரம்மா பேனாவை மூடினார். “சென்னையிலேருந்து ராத்திரியே வந்திருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

அடக்கம் முடிந்து பதினாறு நாள் வரைக்கும் நிர்மலாதேவி வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டாள். நாலெழுத்துத் தெரியாத தன்னால்தான் பிள்ளை போனான், அவன் படித்தவன், அவன் கையில் ஒரே ஒருநாள் பெட்டியைக் கொடுத்துப் படித்துச் சொல்லு என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் சொல்லியிருப்பான் இல்லையா? வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? ஹாஜிராவும் ஒருமுறை ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வி வருகிற நேரத்தில் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். வாசலுக்குப் பால் வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு உடனே உள்ளே போனாள். பாய் வீட்டம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா என்று வசந்தா கேட்டாள். தெருவில் யாருக்கும் யார் வீட்டுக் குழம்பும் தெரியாமல் போயிற்று.

சுமலதாவால் வர முடியவில்லை. அப்போது அவளுக்கு எட்டாம் மாசம். கமலக்கண்ணனுடைய செல்போன் அணைந்துவிட்டதால், ஹாஜிரா வீட்டு லேண்ட்லைனுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூப்பிடுவாள். காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நிர்மலாதேவி இரண்டரைக்கே வந்து தரையில் உட்கார்ந்தாள். பாய் கடைக்குப் போயிருந்தார். ஹாஜிரா நோன்புக்கு வாங்கி மிஞ்சிய பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்தாள். நிர்மலாதேவி அதைத் தொடாமல், மறுபடி அதே கேள்வியைத் தொடங்கினாள். அவனுக்குத் தெரிந்திருந்தால்...

“தெரியும்” என்றாள் ஹாஜிரா.

நிர்மலாதேவி நிமிர்ந்தாள்.

“அவனுக்குத் தெரியும்டி. மே மாசம் கரண்ட் போச்சே, அன்னிக்கி இங்கதான் ஒக்காந்து ஆறையும் படிச்சான். நீ தூங்கறது கெட்டுடும்னு சொல்ல வேணாம்னான். ஆகஸ்ட்ல புதுசு வந்துடும், மாத்திடறேன்னான். என் கையப் புடிச்சிக்கினு கேட்டான்.”

தட்டில் ஈ வந்து உட்கார்ந்தது; நிர்மலாதேவி அதை ஓட்டினாள். அழுவாள் என்று ஹாஜிரா எதிர்பார்த்தாள், அடிப்பாள் என்றும் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. பாய்க்குக்கூட.”

“இந்தத் தெருவுல ஒரு குண்டூசி வுழுந்தா ஊருக்கே சொல்லுவீங்களேக்கா” என்றாள் நிர்மலாதேவி. “இத மட்டும் எதுக்கு வெச்சிக்கினீங்க?”

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தன்னாலும் முடியும் என்று ஒரு சின்னப் பையனிடம் காட்ட ஆசைப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஹாஜிரா எடுத்து அவளிடம் நீட்டினாள். நிர்மலாதேவி வாங்கவில்லை.

“நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது. ஆம்பளப் புள்ளையப் பெக்கப் போறா. தம்பி மாதிரியே இருக்குமா இல்லியான்னு பொறந்தாத்தான் தெரியும். அவளும் என் பொண்ணுதானே, பூட்டி வெப்பா. வலிக்குதுன்னு அது மூஞ்ச சுளிச்ச ஒடனே மருந்தப் போடணும்னு சொல்லுங்க. எதுக்காகச் சொல்றீங்கன்னும் சொல்லுங்க. எதையும் வுட்றாதீங்க.”

அந்தப் பக்கம் சுமலதா அலோ, அலோ என்றுகொண்டிருந்தாள். ஹாஜிரா போனைக் காதில் வைத்துத் தன் பேரைச் சொன்னாள். பிறகு வெங்காயம் உரித்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். தம்பி ஒன்றே ஒன்று கேட்டதைச் சொன்னாள். முறத்தில் ஆறு பெட்டியைப் பரப்பிப் பார்த்துச் சிரித்ததைச் சொன்னாள். மழை, ஷட்டர், ஐஸ் ஒத்தடம் எல்லாம் சொன்னாள். நிர்மலாதேவி சுவரில் கை ஊன்றி நின்று, தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒன்றுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாயங்கால டீக்கு வந்தபோது ஹாஜிரா நின்றாள். அதை அவள் நிர்மலாதேவியிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. போனில் சுமலதா, அப்புறம், அப்புறம் என்றாள்.

“அப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துதும்மா” என்றாள் ஹாஜிரா, போனைப் பார்க்காமல் நிர்மலாதேவியைப் பார்த்து. “டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்.”